எட்டு மெஷினுக்கு டேஷ்போர்டு வாங்கலாமா?

கேள்வி: கோவை குறிச்சியில் பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஆர்டரில் செய்து கொடுக்கிறேன். 5 சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்), 3 பழைய லேத். எல்லாவற்றிலும் சென்சார் மாட்டி இணையத்தில் இணைத்து, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று திரையில் காட்டும் டேஷ்போர்டு போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கொட்டேஷனைக் கிழிக்க வேண்டாம், டிராயரில் வையுங்கள். அதிக வேலை வரும் ஒரே ஒரு மெஷினில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். எப்போது நின்றது, எப்போது ஓடியது, ஏன் நின்றது என்று ஆபரேட்டர் இரண்டு வாரம் எழுதட்டும்.

பிறகு கணக்குப் போடுங்கள். 8 மணி நேர ஷிப்டில் இடைவேளை போக 450 நிமிடம். அதில் 135 நிமிடம் நின்றது, 315 ஓடியது என்று வைப்போம். பீஸுக்கு 3 நிமிடம் என்றால் 105 வந்திருக்க வேண்டும். வந்தது 84, அதில் 4 ரிஜெக்ட். நல்ல பீஸ் 80, அதாவது 240 நிமிட வேலை. 450க்கு 240 என்றால் 53 சதவீதம். ஓஇஇ (மெஷினின் ஒட்டுமொத்தத் திறன்) என்று பெரிதாகப் பேசுவது இதைத்தான். நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்!

அந்த 135 நிமிடம் ஏன் போனது? நான் பார்த்த பட்டறைகளில் பிரேக்டவுன் கொஞ்சம்தான். செட்டிங் மாற்றியது, முதல் பீஸுக்கு ஓகே சொல்ல ஆள் வராதது, ஸ்டோரில் இன்சர்ட் (தேய்ந்தால் மாற்றும் வெட்டு முனை) இல்லாதது: இவைதான் அதிகம். இவற்றைச் சரிசெய்ய சென்சார் எதற்கு?

அதன் பிறகு சென்சாருக்கு வாருங்கள், அதே ஒரு மெஷினில். கண்ட்ரோலரில் ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிள்) வசதி இருக்கும் சிஎன்சி என்றால் நேரடியாகவே தகவல் எடுக்கலாம். பழைய லேத்துக்கு மோட்டார் வயரைச் சுற்றி மாட்டும் ஒரு சிடி (கரண்டை அளக்கும் சென்சார்) போதும். கரண்ட் ஏறினால் வெட்டுகிறது, இறங்கினால் சும்மா இருக்கிறது. ஆனால் ஏன் சும்மா இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆபரேட்டர்தான் பட்டன் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் காரணங்கள் எல்லாமே ‘இதர’ என்று வந்தன. திரையில் 20 பட்டன். எதை அழுத்தினாலும் முதலாளியிடம் திட்டு. பட்டனை 5 ஆக்கி, திட்டுவதையும் நிறுத்திய பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

சென்னை டைடல் பார்க்கில் தமிழக அரசின் டிட்கோவும் (தொழில் வளர்ச்சிக் கழகம்) சீமென்ஸ் நிறுவனமும் சேர்ந்து அமைத்த டான்சாம் என்ற நவீன உற்பத்தித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) இருந்தால், குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்காக மத்திய அரசு தரும் ஜெட் சான்றிதழின் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80, சிறு நிறுவனங்களுக்கு 60 சதவீதம் மானியம் உண்டு. அது சென்சார் வாங்கித் தரும் திட்டம் அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது டிராயரைத் திறந்து, கொட்டேஷன் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு இப்படிக் கேளுங்கள். இரண்டாம் வருடம் மாதச் சந்தா எவ்வளவு? நெட் போனால் அந்த நேரத்துத் தகவல் எங்கே தங்கும்? நாளை நான் உங்களை விட்டு விலகினால் என் தகவல் முழுவதும் எக்செலில் கைக்கு வருமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு மெஷினுக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள்.