தண்டனை முடிந்து திரும்பிய தம்பிக்கு வாக்குரிமை உண்டா?

கேள்வி: என் தம்பி கொலை முயற்சி வழக்கில் 5 ஆண்டு தண்டனை பெற்று, அதை முழுவதும் அனுபவித்துவிட்டுச் சென்ற ஆண்டு வீடு திரும்பினான். இப்போது வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்குப் போனபோது, "தண்டனை வாங்கியவர்களுக்கு ஓட்டு கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் என்கிறார் உறவினர் ஒருவர். இனி அவன் வாக்களிக்கவே முடியாதா? – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பிக்கு வாக்குரிமை உண்டு. அவர் விடுதலையான அன்றே தடை நீங்கிவிட்டது. அலுவலகத்தில் உங்களிடம் சொல்லப்பட்டதற்குச் சட்டத்தில் இடமில்லை.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5)-ஆம் பிரிவு, சிறையில் அடைக்கப்பட்டிருப்பவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. வாக்குப்பதிவு நாளன்று ஒருவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பதைத்தான் அது பார்க்கிறது. ஆகவே, கொலை வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீடு நிலுவையில் இருக்க ஜாமீனில் வந்தவர் வாக்களிக்கலாம்; சிறு திருட்டு வழக்கில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையில் கிடக்கும், குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கு அந்த உரிமை இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகளே என்பதை நினைத்தால், இந்தப் பிரிவு ஏழைகள் மீதே அதிகம் விழுகிறது என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் இந்தப் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு; அவர்கள் தபால் வாக்கு அளிக்கலாம்.

உங்கள் தம்பியின் பெயர் பட்டியலில் இல்லாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறையில் இருப்பதால் வாக்களிக்க முடியாதவர், பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தால், அந்தக் காரணத்தால் வாக்காளர் என்ற நிலையை இழக்க மாட்டார் என்று 2013-இல் 62(5)-உடன் ஒரு விதி சேர்க்கப்பட்டது. அதோடு, வாக்காளர் பட்டியல் பற்றிய 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20(2)-ஆம் பிரிவின்படி, அடைபட்டிருப்பதாலேயே சிறை ஒருவரின் வசிப்பிடம் ஆகிவிடாது. ஆகவே தண்டனையைக் காரணம் காட்டிப் பெயரை நீக்கியிருந்தால் அது தவறு.

தேர்தல் தொடர்பான சில குற்றங்கள் மட்டும் இதற்கு வேறுபட்டவை. வாக்குக்கு லஞ்சம், ஆள்மாறாட்டம் போன்றவற்றில் தண்டனை பெற்றவர், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஏ பிரிவின்படி, 6 ஆண்டுகள் வாக்களிக்க முடியாது. உங்கள் தம்பியின் வழக்குக்கு அது பொருந்தாது.

தேர்தலில் நிற்பது தொடர்பான விதியை வாக்குரிமையோடு சேர்த்துக் குழப்பியிருக்கலாம் என்பது என் ஊகம். 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின் மேலும் 6 ஆண்டுகள் வரை நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் போட்டியிட முடியாது என்கிறது அதே சட்டத்தின் 8(3)-ஆம் பிரிவு. அது வேட்பாளருக்கான தடை. வாக்காளரை அது தொடாது.

உறவினர் சொன்னது அமெரிக்காவுக்கும் முழுமையாகப் பொருந்தாது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறையில் இருப்பவரே வாக்களிக்கலாம். புளோரிடாவிலோ வாழ்நாள் தடை இருந்தது. 2018-இல் மக்கள் வாக்கெடுப்பில் அதைப் பெரும்பாலோருக்கு நீக்கினார்கள், ஆனால் அபராதமும் கட்டணங்களும் பாக்கியின்றிக் கட்டப்பட வேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. இவை எதுவும் இங்கே செல்லாது.

இனிச் செய்ய வேண்டியது இது. தம்பியே படிவம் 6-ஐ நிரப்பி, ஆதார், வங்கிப் பாஸ்புக் போன்ற முகவரிச் சான்றுகளோடு வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையம் வழியாகவோ கொடுக்கட்டும். வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராமல், ஒப்புகை எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். விடுதலைச் சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மட்டும் காட்டினால் போதும். வாக்காளர் பதிவு அலுவலர் விண்ணப்பத்தை நிராகரித்தால், அந்த உத்தரவை எழுத்தில் பெற்று, 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே தலைமைத் தேர்தல் அதிகாரி இருக்கிறார். தேர்தல் அறிவிக்கப்பட்டபின் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளைத் தாண்டிப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது என்பதால், இந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.