விழுந்த தென்னைகளை என்ன செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகம் நொறுங்கிப்போன பிறகு நம் டெல்டாவில் நடப்பதாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசு இல்லை, கரண்ட் இல்லை, கடை இல்லை. நாயகன் தனி ஆள். பாழடைந்த ஊர்களில் கிடைப்பதைப் பொறுக்கிப் பதுக்கி வைத்து உயிர் பிழைக்கிறான். படித்த நண்பர்கள் ‘நம்ம ஊர் மாதிரியே இல்லை’ என்கிறார்கள். எங்கே சறுக்குகிறேன்?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கதையில் இடிபாடுகள் அப்படி அப்படியே கிடக்கின்றன. நாயகன் எப்போது போனாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இடறியது அங்கேதான். ஈரமும் உப்புக்காற்றும் கறையானும் உள்ள ஊரில் எதுவும் அப்படிக் காத்திருக்காது.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. ஒரு மரம் விழுந்தால் காசு பார்க்கலாம். தேங்காய் இருக்கிறது, கீற்று முடையலாம், முற்றிய மரமென்றால் அடிப்பக்கத்து வைரத்தில் கூரைக்குக் கைமரம் அறுக்கலாம். ஊரார் மரமெல்லாம் சேர்ந்து விழுந்தபோது வாங்க ஆளில்லை. அறுத்து அகற்றவே கைக்காசு போட வேண்டியிருந்தது. அரசு அறிவித்த நிவாரணத்திலேயே மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று தனித்தனியாகத்தான் இருந்தது. அகற்றாமல் விட்டால் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதைத் தின்றே வளர்ந்து வண்டாகி, புயலுக்குத் தப்பி நிற்கிற தென்னையின் குருத்தைக் குடையும். புதிதாக வைத்த கன்றையும் விடாது. பெட்ரோல் தீர்ந்த உலகில் மரம் அறுக்கிற மிஷின் ஓடாது. ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க உங்கள் நாயகனுக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

கரண்ட் போன அந்த வாரங்களில் போர்வெல் மோட்டார் வெறும் இரும்பு. அடிபம்பு இருந்த தெரு தப்பித்தது. மற்ற இடங்களில் வீட்டுக்கு வீடு வசூல் செய்து, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினார்கள். பள்ளிக்கூடங்களில் பொதுவாக உலை வைத்தார்கள். சண்டையும் இருந்தது, நிவாரணப் பொருளில் பாரபட்சமும் இருந்தது. அதையும் எழுதுங்கள். ஆனால் தனியாகப் பிழைத்தவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது.

நிலமும் இடிபாடுதான், அதை விட்டுவிடாதீர்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினக் கரையோர வயல்களில் கடல்நீர் ஏறியது. படிந்த சேற்றை வழித்து, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த மண்ணை மீட்டார்கள். உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல் அந்தப் பக்கத்துப் பழைய ரகம். உங்கள் நாயகன் கடைகளில் துழாவுவதை நிறுத்திவிட்டு அந்த விதைநெல் யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போகட்டும். அங்கே கதை சூடுபிடிக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி. மேட்டூரிலும் கல்லணையிலும் ஷட்டர் ஏற்றி இறக்க ஆளில்லாமல் போனால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வரும்? வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவது யார்? உங்கள் கைப்பிரதியில் ஆறு ஒரு இடத்தில்கூட வரவில்லை. அதை எழுதிவிட்டு மறுபடி அனுப்புங்கள், படிக்கிறேன்.