எட்டு வயதுக் குழந்தையின் அறிவியல் ஆர்வம்: எதில் தொடங்குவது?

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கோள்கள், டைனோசர்கள் பற்றியெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாள், நாள் முழுவதும் ஏன், ஏன் என்று கேட்கிறாள். அறிவியலில் அவளுக்குத் தனித் திறமை இருப்பதாக ஆசிரியர் சொல்கிறார். சோதனைப் பெட்டிகள் வாங்கித் தரலாமா? சிறப்பு வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: பெயர்களையும் எண்களையும் நினைவில் வைத்திருப்பது ஆர்வத்தின் அடையாளமே தவிர, அதையே அறிவியல் திறமை என்று கொள்ள முடியாது. தான் நினைத்தது சரிதானா என்று சோதித்துப் பார்க்கவும், முடிவு வேறாக வந்தால் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் குழந்தை முன்வருகிறதா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இதற்குப் பெட்டி தேவையில்லை. கடைகளில் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றில் செய்முறையோடு முடிவும் அச்சாகியே வருவதால், சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்வதுபோல் குழந்தை செய்து முடித்துவிடுகிறது.

இந்த வயதில் கற்பிக்க வேண்டிய முதல் வழக்கம், ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது. நமக்கு இது சொல்லாமலே விளங்கும். எட்டு வயதில் தானாக வருவது அரிது. குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டாலே போதும், தாமே கண்டுகொள்வார்கள் என்ற பரவலான கருத்தை நான் ஏற்பதில்லை. சென், கிளார் என்ற இரு உளவியலாளர்கள் 7 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையை விளக்கிச் சொல்லி, ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்றும் கேட்கப்பட்ட குழந்தைகளே அதை நன்கு கற்றார்கள். விளக்கமின்றிச் சோதனை மட்டும் செய்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

ஊசலில் தொடங்குங்கள். நூலில் ஒரு சாவியைக் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டு, அது வேகமாக ஆட என்ன செய்ய வேண்டும் என்று மகளிடம் கேளுங்கள். கனத்தைக் கூட்ட வேண்டும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இன்னொரு சாவியைச் சேர்க்கும்போதே நூலையும் அவள் குறைத்தால் தடுக்காதீர்கள், வேகம் மாறியபின், “இது சாவியாலா, நூலாலா?” என்று கேளுங்கள். அவள் தடுமாறும் அந்த நேரத்தில் முறையை விளக்கினால் மனத்தில் பதியும். பிறகு, மேல்முடிச்சிலிருந்து சாவியின் நடுப்பகுதிவரை 25 செ.மீ. இருக்குமாறு கட்டி, சற்றே இழுத்து விடுங்கள். போய்த் திரும்புவது ஓர் அலைவு. 10 அலைவுகளுக்கு ஏறக்குறைய 10 விநாடி ஆகும். இரண்டு சாவிகளைக் கட்டினாலும் அதே 10 தான். நீளத்தை 50 செ.மீ. ஆக்குவதற்கு முன், எத்தனை விநாடி ஆகும் என்று அவளையே ஊகித்து எழுதச் சொல்லுங்கள். அவள் 20 என்று எழுதக்கூடும். வருவதோ சுமார் 14. 20 விநாடிக்கு நூல் 1 மீட்டர் நீளம் வேண்டும். காரணத்தை இப்போதே விளக்கிவிட வேண்டாம். அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பள்ளியில் வர்க்கமூலம் படிக்கும்வரை அந்தப் புதிர் அவளிடமே இருக்கட்டும்.

‘ஏன்’ என்ற கேள்விகளில் சிலவற்றை இவ்வாறே சோதனையாக்கலாம். ஐஸ் கட்டி ஏன் உருகுகிறது என்று கேட்டால், துணியில் சுற்றிய கட்டி முதலில் உருகுமா, சுற்றாததா என்று திருப்பிக் கேளுங்கள். டைனோசர் பற்றிய கேள்விகளுக்குப் புத்தகம்தான் வழி.

பாராட்டும்போது “நீ புத்திசாலி” என்பதைவிட, “முதலில் ஊகத்தை எழுதி வைத்தது நல்லது” என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்களின் 1998 ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பின் விரைவில் ஊக்கம் இழந்தனர்.

சிறப்பு வகுப்பில் சேர்க்குமுன் ஒரு நாள் உடனிருந்து பாருங்கள். குழந்தைகளை முன்கூட்டியே ஊகிக்கச் செய்து, அவர்கள் கையாலேயே அளக்கவிட்டால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆசிரியர் மேசையில் செய்துகாட்ட, குழந்தைகள் கைதட்டிவிட்டு வருகிறார்கள் என்றால் அந்தக் கட்டணம் வீண். போட்டிகளைப் பொறுத்தவரை, அவளாகக் கேட்கும்வரை அவசரமில்லை.