ஒரே மாலையில் ஐந்து மேடைகள்: சிற்றூர் இசை விழா பற்றிய கேள்வி பதில்

சிறிய ஊரில் ஒரே மாலையில் நான்கைந்து இடங்களில் இசை விழா நடத்துவது குறித்துக் கொங்குப் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் சில ஆண்டுகளாக இப்பணியைச் செய்துவருவதால், பெரும்பாலும் பட்டறிந்ததையே சொல்கிறேன்.

காங்கேயம்: விழாவை எந்த மாதத்தில் வைப்பது? எங்கள் குழுவில் சிலர் ஆடி என்கிறார்கள், சிலர் தை என்கிறார்கள்.

இரண்டுமே வேண்டாம் என்பேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பந்தல் துணியைப் பிய்த்து இழுப்பதோடு, மைக்கில் பாட்டுக்கு மேலாகத் தன் இரைச்சலையும் சேர்த்துவிடும். தை பிறந்தாலோ முகூர்த்தங்கள் தொடங்கிவிடுவதால் மண்டபமும் கிடைக்காது, நாகசுர தவில் கலைஞர்களும் கிடைக்கமாட்டார்கள். பொங்கலையொட்டிக் கிராமியக் கலைக்குழுக்கள் பல சென்னை சங்கமத்துக்குப் போய்விடும். உங்கள் பக்கத்துச் சாலைகளில் பழனிக்கு நடக்கும் தைப்பூசப் பக்தர்களும் இருப்பார்கள்.

மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை. ஊரிலுள்ள மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும்; வாடகையைப் பேசிக் குறைக்கலாம்; மேளக்காரர்களுக்கும் கையில் நாள் இருக்கும். டிசம்பர் கடைசி வாரம் என்றால் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். பெயர்பெற்ற கர்நாடக வித்வான்கள் அப்போது சென்னையில் இருப்பார்களே என்று கவலைப்பட வேண்டாம். கோவை அரசு இசைக் கல்லூரியில் படித்த இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் மேடை கொடுத்தால் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள்.

கோபி: எத்தனை இடங்கள் வைக்கலாம்? அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்?

மூன்றில் தொடங்குங்கள், ஐந்தைத் தாண்டாதீர்கள். இடுப்பில் குழந்தையோடு வரும் ஒரு பெண் பத்து நிமிடத்தில் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடந்துவிட முடிய வேண்டும். வண்டியை எடுக்க நேர்ந்தால் பாதிப் பேர் நேராக வீட்டுக்குத்தான் போவார்கள். அதே சமயம் ஓரிடத்து ஓசை மற்றோரிடத்தில் கேட்கவும் கூடாது. முதலாண்டில் இதை நாங்கள் யோசிக்கவில்லை. வயலின் கச்சேரி நடந்த மண்டபத்துக்கும் உருமிக் குழு இருந்த திடலுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். ஆலாபனை மெல்ல இறங்கிய வேளையில் உருமி உறுமியது. வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டு, சன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விறுவிறுப்பான வேறொரு கீர்த்தனைக்கு மாறினார். அவர் பெருந்தன்மையானவர் என்பதால் அன்று தப்பித்தோம். மறு ஆண்டு, விழாவுக்கு ஒரு வாரம் முன்பு திடலில் ஒரு தவில்காரரை வாசிக்கச் சொல்லி, சத்தம் தேயும் இடம் வரைக்கும் நடந்து பார்த்த பிறகே மற்ற இடங்களைக் குறித்தோம். பகலில் நடந்தால் போதாது. இரவில் ஊர் அடங்கியதும் ஓசை இன்னும் தொலைவு போகும்.

நேரத்தையும் இருபது நிமிட இடைவெளியில் பிரியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி முடிந்தால் டீக்கடைக்குத்தான் நல்லது. எங்கள் ஊரில் ஓரிடத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் நாகசுரமும் தவிலும் முன்னே போக, கூட்டம் பின்னாலேயே அடுத்த இடத்துக்குச் சென்றுவிடுகிறது. வழிகாட்டிப் பலகை எழுதும் செலவுகூட மிச்சம்.

தாராபுரம்: யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கும், மேளம் தெருவில் வருவதானால் அந்த வழிக்கும், ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே குறிப்பிட்டு ஒரு மாதம் முன்பே மனுக் கொடுத்துவிடுங்கள். பொதுத் திடலுக்கு நகராட்சி அல்லது பேரூராட்சி, கோயில் வளாகத்துக்கு அறநிலையத் துறையின் செயல் அலுவலர், தற்காலிக மின் இணைப்புக்கு மின்வாரியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது; எனவே கடைசி நிகழ்ச்சியை 9.30க்கு முடிப்பதாகத் திட்டமிட்டால்தான் 10க்கு முடியும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் அருகே இடம் பார்த்தால், அதைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார் என்பதற்காகப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டுவிட முடியாது.

ஒலிபெருக்கி அமைக்கும் ரேடியோ செட்டுக்காரரை (எங்கள் பக்கம் இன்னமும் அப்படித்தான் அழைக்கிறோம்) இந்த விதிகளைச் சொல்லி முன்பே உட்கார வைத்துப் பேசுங்கள். பெட்டிகளை அடுக்குவதில் அவருக்கு இருக்கும் ஆசை நமக்கு ஆபத்து.

சென்னிமலை: பறைக் குழுவை மண்டபத்துக்குள் வைக்கலாமா?

வெளியில் வையுங்கள். மார்கழிப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும்; அரை மணிக்கொரு முறை காய்ச்சியாக வேண்டும். மண்டபத்துக்குள் தீ மூட்ட முடியாது. கலைஞர் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தி, பறையின் முகத்தைத் தணலுக்கு மேலே சுற்றிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் கேட்பார். மந்தமான ஓசை கணீரென்று மாறும்போதுதான் எழுவார். பந்தலுக்கு எட்டத்தில், மணல் கொட்டிய ஓரிடத்தையும் இரண்டு வாளித் தண்ணீரையும் அவர்களுக்கென ஒதுக்குங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வயலின்காரருக்கு எந்த அறையோ, எந்தப் பந்தியோ, அதே அறையும் அதே பந்தியும் பறைக் கலைஞர்களுக்கும் உண்டு என்பதைச் சமையல்காரர் வரைக்கும் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் ஊர்களில் இது தானாக நடந்துவிடாது.

உடுமலை: வள்ளி கும்மிக்கு எவ்வளவு பெரிய மேடை போட வேண்டும்?

மேடையே வேண்டாம். வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுவதை மேடையில் ஏற்றினால் முன்வரிசையின் முதுகுதான் தெரியும். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, பாடும் ஆசிரியருக்கு ஒரு மைக் கொடுத்து, மக்களைச் சுற்றிலும் உட்காரவிடுங்கள். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதை இளைஞர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். ஆட ஆள் கிடைப்பதில் சிரமம் இராது.

பவானி: மெல்லிசைக் குழு திரைப்பாடல் பாடினால் உரிமம் வேண்டுமா?

பொதுவாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் திருமணம் போன்ற சமயச் சடங்குகளுக்கு விலக்கு உண்டு. பாடுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஊர்ச் சங்கத்தார் கட்டணமின்றி நடத்துவதற்கும் உண்டு. சம்பளம் வாங்கும் குழுவுக்கு அது பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். தியாகராசர், முத்துத்தாண்டவர் பாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெருந்துறை: நுழைவுக் கட்டணம் வாங்கலாமா?

முதல் மூன்றாண்டுகளுக்கு வேண்டாம். பல இடங்களில் நடக்கும் விழாவில் வாசலுக்கு வாசல் ஆள் நிறுத்துவதற்கே வசூல் தீர்ந்துவிடும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆலை முதலாளிகளும் அரிசி மண்டிக்காரர்களும் நன்கொடை கொடுப்பார்கள். ஆனால் பாடுபவர் தலைக்கு மேலே அவர்கள் படம் தொங்கும் பேனருக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாங்கள் ஒருமுறை ஒப்புக்கொண்டோம். அன்று எடுத்த புகைப்படம் ஒன்றில்கூடப் பாடகியின் முகம் சரியாகத் தெரியவில்லை.

அவிநாசி: விழா முடிந்த இரவில் கவனிக்க வேண்டியது என்ன?

கலைஞர்கள் வண்டி ஏறுவதற்கு முன் சம்பளத்தை உறையிலிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன விழாக் குழுவின் அழைப்பை அடுத்த ஆண்டு அவர்கள் எடுக்கமாட்டார்கள். சந்தைத் திடலில் மேடை போட்டிருந்தால், மறுநாள் சந்தை கூடும் நாளா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விடிகாலை 4 மணிக்குக் காய்கறி வண்டிகள் வரும்போது பந்தல்காரர் இன்னும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கக் கூடாது.