இங்கிலாந்தில் ஏழ்மையில் தொலைந்த மூதாதையரை எப்படித் தேடுவது?

பழைய இங்கிலாந்து ஆவணங்களில் ஒருவரைப் 'பாப்பர்' என்று குறித்திருந்தால், அவர் ஊர் வரிப்பணத்தில் உதவி பெற்றவர் என்று பொருள். சொத்து, உயில், கல்லறைக் கல் எதுவும் இல்லாதவருக்குத் தடயமே இருக்காது என்று தோன்றும். ஆனால் ஏழைகளைப் பற்றித்தான் அதிகாரிகள் விடாமல் எழுதினார்கள்.

காரணம் பணம். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் ஏழையைப் பராமரிக்கும் செலவு அவருடைய சொந்த ஊருக்கே உரியது. 'இவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை' என்று நிரூபித்தால் செலவு மிச்சம். அதனால் பிறந்த இடம், வேலை செய்த முதலாளி, திருமணம், பிள்ளைகளின் வயது என எல்லாவற்றையும் சத்தியம் வாங்கி விசாரித்து எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில் கிடைக்கலாம். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை என்பேன். மளிகைக் கடைக் கடன் நோட்டைப் போலத்தான் இது: ரொக்கம் கொடுத்தவர் பெயர் அதில் இருக்காது, கடன் வாங்கியவர் பெயர் தேதியோடு இருக்கும்.

1834இல் ஏழையர் உதவிச் சட்டம் மாறியது; அதற்குப் பிந்தைய காலத்துக்கு, ஏழையர் விடுதிகளின் (வேலை வாங்கிக்கொண்டு உணவும் இடமும் தந்த 'ஒர்க்ஹவுஸ்') சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடுகளைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஆவணக் காப்பகங்களில் கேளுங்கள். 1904 முதல், விடுதியில் பிறந்த குழந்தைக்கு அவப்பெயர் வராதபடி, சான்றிதழில் வெறும் தெரு முகவரியை எழுதும் வழக்கம் வந்தது. அறிமுகமில்லாத முகவரியைக் கண்டால் இதையும் சரிபாருங்கள்.

விடுதியில் பெயர் இருந்தாலே அவர் அங்கேயே இறந்தார் என்று பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள்; நோயிலோ வேலையில்லாத குளிர்காலத்திலோ சில வாரங்கள் மட்டும் தங்கி வெளியேறியவர்கள் ஏராளம்.