தக்காவோவும் ராஃபுவும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானியர்கள் முன்பு லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களின் பெயர்களையும் சீன எழுத்தில்தான் எழுதினார்கள் என்று படித்தேன். தைவானில் ஊர்ப்பெயர்களையே மாற்றியிருக்கிறார்கள். அடுத்தவர் ஊரைத் தம் மொழிக்கு வளைத்துக்கொள்வதே ஆதிக்கம்தானே?

கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன ஜப்பானியர்கள் சான் பிரான்சிஸ்கோவை 'சோக்கோ' என்றார்கள். முதல் அசையின் ஒலிக்காக முசுக்கட்டை மரத்தைக் குறிக்கும் எழுத்து, அதை அடுத்து துறைமுகம். சாக்ரமென்டோ அவர்கள் காதில் 'சகுரா' என்று விழுந்தது. ஜப்பானியத்தில் சகுரா என்றால் செர்ரிப் பூ. 'ஓ' என்றும் படிக்கப்படும் அந்தப் பூவின் எழுத்தோடு, நகரத்தைக் குறிக்கும் 'ஃபு'வைச் சேர்த்து 'ஓஃபு' ஆக்கினார்கள். எத்தனை அழகான பெயர்! லாஸ் ஏஞ்சலஸ் 'ராஃபு' ஆனது. 1903இல் அங்கே தொடங்கிய 'ராஃபு ஷிம்போ' நாளிதழின் பெயரிலேயே அது இருக்கிறது. இப்படிப் பெயர் வைத்தவர்கள் யார்? 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் விவசாய நிலம் வாங்கும் உரிமைகூட மறுக்கப்பட்டவர்கள். அந்நிய மண்ணில் வீட்டுக்குக் கடிதம் எழுத அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. இதில் ஆதிக்கம் எங்கே இருக்கிறது?

தைவானின் கதை வேறு. தெற்கே இருந்த துறைமுகத்தைப் பழங்குடிகள் ஏறத்தாழ 'தக்காவ்' என்று அழைத்தார்கள். அங்கே குடியேறிய சீனர்கள் அந்த ஒலிக்கு 'நாயை அடி' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் பொருத்தினார்கள். தீவை ஆண்ட ஜப்பானியர்கள் 1920இல் அவற்றை நீக்கிவிட்டு, 'உயர்ந்த', 'வீரன்' என்ற பொருளுடைய எழுத்துகளை வைத்தார்கள். ஜப்பானிய உச்சரிப்பில் அது 'தக்காவோ'. கியோட்டோவிலும் அதே பெயரில் ஓர் இடம் உண்டு. ஆட்சி 1945இல் போனது, எழுத்துகள் தங்கிவிட்டன. சீனப் பொதுமொழியான மாண்டரினில் அவற்றைப் படிப்பதால் ஊர் இன்று காவ்சியுங். பழங்குடிகளின் ஒலி அதற்குள் அடையாளம் தெரியாமல் கரைந்துவிட்டது. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பெயரை யார் சுமக்க வேண்டியிருந்தது? 'ராஃபு' என்று எழுதும்படி எந்த அமெரிக்கனையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 1942இல் சிங்கப்பூரைப் பிடித்ததும் 'ஷோனான்' என்று மாற்றினார்களே, அங்கிருந்த சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோர் தலையிலும் அந்தப் பெயர் ஏறியது. கொரியாவை 1910இல் இணைத்துக்கொண்டு அதன் தலைநகரை 'கெய்ஜோ' ஆக்கியதும் இதே வகைதான். இன்று ஜப்பானியச் செய்தித்தாள்களே 'சோல்' என்றுதான் எழுதுகின்றன. இப்போதும் யாராவது பழைய பெயரைச் சொன்னால் கொரியர்கள் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.