தோட்டா செலவு கையைக் கடிக்கிறது. காலி கேஸில் நாமே மருந்து நிரப்பலாமா?

பல்லடத்தில் தறி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் பொண்ணு காலேஜ் படிக்கிறா. கோயமுத்தூர்ல ஒரு ரைஃபிள் கிளப்ல .22 ரைஃபிள்ல படுத்துக்கிட்டே சுடற 50 மீட்டர் புரோன் பழகறாளுங்க. தோட்டா செலவு மாசாமாசம் கையைக் கடிக்குது. அமெரிக்காவுல இருக்கற மச்சான் சுட்ட தோட்டாவோட காலி கேஸை, அதான் அந்த பித்தளைக் கூட்டை வெச்சு, அவரே வெடிமருந்து நிரப்பிக்கறாரு. நம்ம ஊர்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. அதே மாதிரி நாமளும் பண்ணலாமுங்களா?"

பண்ண முடியாதுங்க. சட்டம் அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்தத் தோட்டாவே அதற்கு இடம் கொடுக்காது. அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு காலி கேஸின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விளிம்பில் ஒரு ஓரம் மட்டும் நசுங்கியிருக்கும். ரைஃபிளின் ஊசி அடித்த இடம் அது. .22-இல் தீப்பற்றும் கலவை தனி மூடியில் இல்லை. அந்த விளிம்பு மடிப்புக்குள்ளேயே சுற்றிலும் பரவியிருக்கும். விளிம்பு நசுங்கினால்தான் பொறி பறக்கும். நசுங்கிய விளிம்பை மறுபடி பயன்படுத்த வழியில்லை.

மச்சான் நிரப்புவது பெரிய ரைஃபிள் தோட்டாவாக இருக்கும். அதில் தீப்பற்றும் கலவை கொண்ட சின்ன மூடி, அதாவது ப்ரைமர், அடிப்பக்கத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். பழையதைத் தட்டி எடுத்துவிட்டு, கேஸை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர், மருந்து, குண்டு என்று ஏற்றுவார்கள். பித்தளை கேஸ் திரும்பத் திரும்ப உதவுவதால்தான் அவருக்கு மிச்சம். அதிலும் பிரஸ், அச்சு, தராசுக்குப் போட்ட காசு நிறையச் சுட்டால்தான் திரும்பி வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் தோட்டாவே. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். லேத் பட்டறை நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து ஒரே கேஸில் இரண்டு தடவை விழுந்தால் ரைஃபிள் சுடுகிறவரின் முகத்தருகே சிதறலாம். ரொம்பக் குறைந்தால் குண்டு பேரலுக்குள்ளேயே (குழலுக்குள்ளேயே) நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கலாம். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி யானையின் வாயைச் சிதைத்த கொடுமையை நம் மலையோரத்தில் எத்தனை முறை பார்த்துவிட்டோம். பெற்ற பிள்ளை கையில் கொடுக்கிற பொருளில் இந்தப் பரீட்சை வேண்டாம்.

செலவைக் குறைக்க நல்ல வழிகள் இருக்கின்றன. புரோன் போட்டிக்கு 60 தோட்டா, 50 நிமிடம். பயிற்சி நாளிலும் அத்தனையையும் சுட வேண்டும் என்று கட்டாயமில்லை. படுக்கும் நிலை, மூச்சு, குறி, விசை ஆகிய நான்கையும் தோட்டா இல்லாமலே பழகலாம். விசையை இழுக்கும் கணத்தில் குறி எந்தப் பக்கம் நழுவுகிறது என்பது காலி ரைஃபிளில்தான் தெளிவாகத் தெரியும். சுடும்போது அதிர்வு அதை மறைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: சில .22 ரைஃபிள்களில் காலியாக விசையை இழுத்தால் ஊசி, தோட்டா உட்காரும் சேம்பரின் ஓரத்தை அடித்துக் கெடுக்கும். பல போட்டி ரைஃபிள்களில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. பயிற்சியாளரைக் கேட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. பெல்லட் 500 கொண்ட டப்பாவாக வருகிறது; ஒன்றுக்கு ஆகும் செலவு .22 தோட்டாவின் பக்கத்தில்கூட வராது. 10 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வெறும் அரை மி.மீ. பொட்டு. அதில் பழகிய கண்ணுக்கு 50 மீட்டரில் 10.4 மி.மீ. வட்டம் பெரிதாகவே தெரியும். குழல் துளை 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல் போகாத, பெல்லட் வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேல் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு உரிமமும் தேவையில்லை.

பெரிய மிச்சம் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, பார்த்து வாங்குவதில் இருக்கிறது. ஒரே மில், ஒரே கவுண்ட் நூல் என்றாலும் லாட் மாறினால் சாயம் வேறு மாதிரி ஏறும், உங்களுக்கே தெரியும். தோட்டாவும் அப்படித்தான். ஈலி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். என எந்த பிராண்ட் தோட்டாவானாலும் பெட்டியில் லாட் எண் இருக்கும். வெவ்வேறு லாட்டில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, அட்டைக்குப் பத்து வீதம் சுடச் சொல்லுங்கள். எதில் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுதான் உங்கள் மகளின் பேரலுக்கு ஒத்த லாட். சில நேரம் விலை குறைந்த ரகமே ஜெயிக்கும். அப்போது விலை உயர்ந்த ரகத்துக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் ரகம் மாற்றியவுடன் முதல் சில குண்டுகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு ரகத்துக்கு ரகம் வேறு. புதியது பேரலில் படியும் வரை குண்டு அங்குமிங்கும் போகும்.

லாட் தெரிந்ததும் கிளப்பில் அதே ரைஃபிளில் சுடும் மற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசி, சீசனுக்கு வேண்டியதைக் கிளப் வழியாகவே மொத்தமாகக் கேளுங்கள். போட்டிக்கான பெட்டிகளை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளட்டும்.